ஹட்டனில் யார் யார் இருக்கிறோம்? தொகைமதிப்புக் கட்டங்களும் நம் வீடுகளும்

வாசகர் கேள்வி, 2025 நவம்பர் 2

இலங்கையின் புதிய 2024 தொகைமதிப்பு முடிவில் இந்தியத் தமிழர் 2.8 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். 2012 இல் 4.1. ஹட்டன் கடைவீதியில் நின்று பார்த்தால் நம் ஆட்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: உண்மையிலேயே குறைந்துவிட்டோமா? குறைந்திருந்தால் எங்கே போனார்கள்?

பதில், நவம்பர் 2, இரவு

பெரும்பகுதி எங்கேயும் போகவில்லை. தொகைமதிப்பில் இனம் எழுதும் கட்டம் மாறியிருக்கிறது.

2012 இல் இலங்கைத் தமிழர் 11 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தார்கள். இப்போது 12.3. இந்தியத் தமிழர் 4.1 இலிருந்து 2.8 ஆகிவிட்டார்கள். இரண்டையும் கூட்டினால் அன்றும் 15 சொச்சம், இன்றும் 15 சொச்சம். ஒரு கட்டத்தில் இறங்கியது மற்றதில் ஏறியிருக்கிறது. ஆள் கணக்கில் சொன்னால் 2012 இல் இந்தியத் தமிழர் 8 லட்சத்து 39 ஆயிரம், இப்போது ஆறு லட்சம் அளவில். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பன்னிரண்டு ஆண்டுக்குள் செத்துப்போகவோ கப்பலேறவோ இல்லை. அப்படி நடந்திருந்தால் தோட்டங்களில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) லயமாகப் பூட்டுத் தொங்கியிருக்கும்.

நவம்பர் 3

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கட்டம் மாறியது மட்டும்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீடுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு எட்டுப் பிள்ளைகள், எனக்கு இரண்டு. வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள், 2022 நெருக்கடிக்குப் பிறகு எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று கிளம்பிய இளைஞர்களும் இருக்கிறார்கள். வடக்குத் தமிழரிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. ஆகவே கூட்டுத்தொகை ஒரே இடத்தில் நிற்பதன் உள்ளே பல அசைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் அவற்றில் பெரியது கட்ட மாற்றம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காரணம், அதை என் சொந்த வீட்டிலேயே பார்க்கிறேன்.

அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர். என்னுடையதிலும் அதுவே. மகளைப் பதியப் போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர், "இனியும் எதற்கு இந்தியா என்று போடுகிறீர்கள், பிள்ளைக்குப் பின்னால் கரைச்சல்" என்றார். நல்ல மனதோடு சொன்ன மனிதர். இலங்கைத் தமிழர் என்று எழுதினார். மகன் பிறந்தபோது வேறு அலுவலகம். அங்கே கேட்கவே இல்லை. என் சான்றிதழைப் பார்த்து இந்தியத் தமிழர் என்று எழுதிவிட்டார்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த அக்காவும் தம்பியும் அரசாங்கக் காகிதத்தில் இரண்டு இனம்.

நவம்பர் 4

பழைய கணக்குகளையும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

தமிழரை இரண்டு கட்டமாகப் பிரித்து எண்ணத் தொடங்கியது 1911 இல். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்ற பிறகு தேயிலையோடு தங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் இந்தியத் தமிழர் என்ற கட்டத்துக்குள் வந்தார்கள். 1953 இல் அந்தக் கட்டம் நாட்டின் மக்கள் தொகையில் 12 சதவீதம். இலங்கைத் தமிழர் அப்போது 11ஐ எட்டவில்லை. இதைச் சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை. இந்தத் தீவில் ஒரு காலத்தில் இரண்டாவது பெரிய இனம் நாம்தான்.

ஆனால் அந்த 12 சதவீதத்தில் பெரும்பாலோருக்கு அன்று குடியுரிமை இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் பதிந்து வாழ்ந்த மனிதனிடம் தகப்பனின் பிறப்புக்கு என்ன பத்திரம் இருக்கும்? 1949 இல் வாக்குரிமையும் போனது. எண்ணும்போது மட்டும் எண்ணினார்கள்.

பிறகு 1964 ஒக்டோபர் 30, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கு வைத்தார்கள். மிச்சமான ஒன்றரை லட்சத்தை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உண்மையிலேயே போனார்கள். 1971 இல் 9.3 சதவீதமாக இருந்த கட்டம் 1981 இல் 5.5 ஆனது. அந்த இறக்கத்தில் கப்பலும் இருக்கிறது, கட்ட மாற்றமும் இருக்கிறது. குடியுரிமை கிடைத்தவர்களில் பலர், இனி இந்தியத் தமிழர் என்று சொன்னால் திரும்பவும் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இலங்கைத் தமிழர் என்றார்கள். என் சித்தப்பா சாகும்வரை அப்படித்தான் சொன்னார். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 4, பின்னர்

இந்தியாவுக்குப் போனவர்கள் ஏறிய கோச்சி (ரயில்) பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், ஹட்டன் ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அம்மாவின் தங்கை குடும்பம் அப்படித்தான் போனது. போரோடு 1984 இல் கப்பல் நின்றது. பயணப் பத்திரம் கையில் இருந்தும் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய சிக்கல் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988 சட்டத்திலும் முழுதாகத் தீரவில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை இழுத்தது.

நவம்பர் 6

கேள்வி ஹட்டன் நகரத்தைப் பற்றியது. நான் நாடு முழுவதையும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நகரத்துக்கு வருகிறேன்.

நகரத்தின் இனக் கலவையைப் பார்ப்பதற்கு முன் எது நகரம் என்று பார்க்க வேண்டும். நம் நாட்டுத் தொகைமதிப்பில் மாநகர சபையும் நகர சபையும் மட்டுமே நகரப் பிரிவு. இருபது ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளர்களாவது குடியிருக்கும் தோட்டம் என்றால் தோட்டப் பிரிவு. மிச்சம் எல்லாம் கிராமம். இந்தக் கணக்கில் ஹட்டன்-டிக்கோயா நகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள் நகரத்தார். கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் கடையும் வங்கியும் பஸ் நிலையமும் வைத்துக்கொண்டு கிராமம் என்ற பெயரில் நிற்கின்றன. பிரதேச சபையின் கீழ் வருவதுதான் காரணம்.

ஹட்டனில் கடை வைத்திருப்பவர், ஹட்டன் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சந்தையில் மரக்கறி விற்கிறவர் என்று எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் இரவு தூங்குவது எல்லைக்கு வெளியே, ஏதோ ஒரு தோட்டத்து டிவிஷனில். பகலில் வீதியில் நின்று கேள்வி கேட்டவர் பார்க்கும் ஹட்டன் அது. தொகைமதிப்பு பார்க்கும் ஹட்டன் இரவு ஹட்டன். இரண்டிலும் முகங்கள் வேறு. இரவு ஹட்டனில் சிங்களவரும் முஸ்லிம்களும் பகலைவிட அதிக விகிதத்தில் தெரிவார்கள், ஏனென்றால் நகரத்துக்குள் வீடு அவர்களுக்கு முன்பே இருந்தது. நம் ஆட்களுக்கு நகரத்தில் காணி வாங்கும் வசதி வந்தது எழுபதுகளுக்குப் பிறகு, அதுவும் ஆசிரியர் நியமனம் கிடைத்தவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்தான்.

மாவட்டமாகப் பார்த்தால் படம் தெளிவாகும். 2012 இல் ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டத்தில் 7 லட்சத்து 11 ஆயிரம் பேர். அதில் இந்தியத் தமிழர் பாதிக்குச் சற்று மேல், சிங்களவர் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, இலங்கைத் தமிழர் ஐந்துக்குக் கீழ், சோனகர் என்று எழுதப்படும் முஸ்லிம்கள் இரண்டரை. இந்தத் தீவில் வேறு எந்த மாவட்டத்திலும் மலையகத் தமிழர், அதாவது இந்தியத் தமிழர் என்று எழுதப்படும் நாம், பெரும்பான்மை இல்லை.

நவம்பர் 7

"எல்லை எங்கே போட்டால் என்ன, ரோடு எல்லோருக்கும் பொதுதானே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, ரோடுதான் பிரச்சினை. பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவின்படி, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தில் ஒரு வேலை செய்ய முடியாமல் இருந்தது. தோட்டம் கம்பனியின் இடம் என்றார்கள். நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர் நம் லயத்துக்கு முன்னால் ஒரு கான் (வடிகால்) வெட்ட முடியாது. 2018 இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்புதான் அம்பகமுவ பிரதேச சபையை மூன்றாக உடைத்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் வந்தன. நுவரெலியாவை உடைத்துக் கொட்டகலை, அகரப்பத்தனை வந்தன. அதற்கு முன் வேறு மாவட்டத்தில் பத்து, இருபது ஆயிரம் பேருக்கு ஒரு சபை இருக்க, இங்கே இரண்டு லட்சம் பேருக்கு ஒன்று. எத்தனை பேர், எந்த இனம், எந்த எல்லைக்குள் என்ற கணக்கை வைத்துத்தான் இதற்கெல்லாம் வாதாடினார்கள். கட்டத்தில் ஆள் குறைந்தால் வாதத்தில் பலம் குறையும்.

நவம்பர் 7, இரவு

நகரத்தின் மற்ற மனிதர்களை விட்டுவிட்டு எழுதினால் அது ஹட்டன் ஆகாது.

ரயில் பாதை 1884 இல் இங்கே வந்த பிறகுதான் ஊர் ஊரானது. துரைமார் வைத்த பெயர், ஸ்கொட்லாந்து ஊர் ஒன்றின் பெயர். பாதையோடு ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் வந்தார்கள். என் சின்ன வயதிலேயே அவர்கள் ஓரிரு குடும்பம் ஆகிவிட்டார்கள். பொலிஸிலும் தோட்ட அலுவலகங்களிலும் மலாய்க்காரர் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தார் கிளார்க், டிஸ்பென்சர், ஆசிரியர், ஸ்டேஷன் மாஸ்டர் என்று வந்தார்கள். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் கரவெட்டி. கண்டிப்பான மனிதர், அவர் இல்லாவிட்டால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் கூப்பிடப்பட்டதில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்காரர்களில் திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்த முஸ்லிம்களுக்குப் பழைய தொகைமதிப்புகளில் இந்தியச் சோனகர் என்று தனிக் கட்டம் இருந்தது. இன்று அது இல்லை. அந்தக் குடும்பங்கள் இலங்கைச் சோனகரோடு கலந்துவிட்டன. யாரும் அதற்காகக் கூட்டம் போடவில்லை, மனு எழுதவில்லை. ஒரு கட்டம் அமைதியாகக் காணாமல் போவது புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

சிங்களவரில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்துக் கிராமத்தார் ஒரு பகுதி. தெற்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் ஒரு பகுதி. கடைவீதியில் வளர்ந்த சிங்களப் பையன்கள் பேசும் தமிழில் தோட்டத்து வாடை அப்படியே இருக்கும். டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரை நிரப்பிவிடுகிறார்கள்; நள்ளிரவில் ஸ்டேஷனுக்குப் போனால் சிங்களம் மட்டும்தான் காதில் விழும். அவர்களை எந்தத் தொகைமதிப்பும் ஹட்டனில் எண்ணுவதில்லை. ஆனால் இந்த ஊர்க் கடைகளுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுவது அந்த ஐந்தாறு மாதம்தான்.

நவம்பர் 10

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஐயா நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: எல்லோரும் தமிழர்தானே, பிரித்து எண்ணுவது வெள்ளைக்காரன் செய்த வேலை, இலங்கைத் தமிழர் என்ற ஒரே கட்டத்தில் சேர்ந்துவிட்டால் பலம் கூடும்.

ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன். மொழி விஷயத்தில் அவர் சொல்வது சரியாகவே பொருந்தும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை ஒரு பிரிவை இருமொழிப் பிரிவாக அறிவிக்கச் சொல்லும்போது மொழிச் சிறுபான்மையின் விகிதத்தைத்தான் பார்க்கிறது. அங்கே நம் தமிழ், அவர்கள் தமிழ், முஸ்லிம்களின் தமிழ் எல்லாம் ஒன்றாகவே எண்ணப்படும். தமிழில் கடிதம் வர வேண்டும், பொலிஸில் தமிழில் முறைப்பாடு எழுத வேண்டும் என்றால் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் நட்டமில்லை.

ஆனால் ஐயா, காணி இல்லாதது யார்? நூறாண்டுக்கு மேற்பட்ட லயக் காம்பிராவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறையாக இருப்பது யார்? கடிதம் வீட்டுக்கு வராமல் தோட்டத்து அலுவலகத்துக்குப் போவது யாருக்கு? இவற்றை இலங்கைத் தமிழர் என்ற பெரிய கட்டத்துக்குள் போட்டு எண்ணினால் சராசரியில் மறைந்துபோகும். கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியும் டிக்கோயா லயமும் ஒரே வரியில் வந்து நிற்கும். எந்த அமைச்சும் அந்த வரியைப் பார்த்து டிக்கோயாவுக்கு வீடு கட்டாது.

நான் கேட்பது பிரிந்து போவதற்கான கட்டம் அல்ல. எங்கள் குறை எங்கே இருக்கிறது என்று காட்டும் கட்டம்.

நவம்பர் 11

"அப்படியானால் இந்தியத் தமிழர் என்றே இருந்துவிடலாமா?" என்று கொட்டகலை அக்கா கேட்கிறார். இல்லை அக்கா. அந்தப் பெயரோடுதான் 1948உம் 1964உம் வந்தன. 2023 இல் நாம் இங்கே வந்து இருநூறு ஆண்டானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் மலையகத் தமிழர் என்றுதான் சொல்லி நடந்தார்கள். இம்முறைத் தொகைமதிப்பு முடிவிலும் இந்தியத் தமிழரோடு அந்தப் பெயரும் சேர்ந்து அச்சாகியிருக்கிறது. பாதி வழி வந்திருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த பிள்ளை அம்மாவிடம் இனம் கேட்டாள். அம்மா "தமிழ்" என்றார். எந்தத் தமிழ் என்று கேட்டாள். "பேசுகிற தமிழ்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அந்தப் பிள்ளையும்தான். பிறகு நான் மலையகத் தமிழர் என்று சொல்லி எழுத வைத்தேன். எத்தனை வீட்டில் அப்படி எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்கும்? எத்தனை வீட்டில் தமிழ் என்ற பதிலுக்கு நேராக முதலில் கண்ட தமிழர் கட்டத்தில் போட்டிருப்பார்கள்? இரண்டு லட்சத்தில் ஒரு பகுதி இப்படியும் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 15

வவுனியாவில் இருக்கும் என் அண்ணன் இதைப் படித்துவிட்டுக் கோபமாகப் பேசினார். அவர் 1977 கலவரத்துக்குப் பிறகு போனவர். கடை எரிந்தது. அம்மா "இங்கேயே கிட" என்றார், அவர் கேட்கவில்லை. அவரைப் போல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போனவர்கள் ஆயிரமாயிரம் பேர். 1983க்குப் பிறகு இன்னும் அதிகம். காடு வெட்டினார்கள், குளத்துக்குக் கீழே கூலிக்கு விதைத்தார்கள், கடைசிப் போரில் பிள்ளைகளைக் கொடுத்தார்கள்.

அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நாற்பத்தைந்து வருஷம் இங்கே இருக்கிறேன். என் பேரன் மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அவன் எப்படி மலையகத் தமிழன்? நான் இலங்கைத் தமிழர் என்றுதான் சொன்னேன், இனியும் அப்படித்தான் சொல்லுவேன்."

இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். அவருக்கு நியாயம் இருக்கிறது. கட்ட மாற்றம் என்று நான் எழுதியது எல்லாவற்றையும் இழப்புப் போலக் காட்டிவிடக் கூடாது. பயத்தில் மாறியவர் வேறு, அலுவலர் மாற்றியவர் வேறு, வாழ்ந்து மாறியவர் வேறு. அண்ணன் மூன்றாவது வகை. அவர் தெரிந்தெடுத்தது. ஆனால் அவருடைய ஊரிலும் காணி உறுதி இல்லாத குடும்பங்களைத் தேடிப் போனால் யாருடைய வீடுகள் என்று அவருக்கே தெரியும். அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உறுதி இன்னும் எனக்கும் வரவில்லைதான்" என்றார்.

நவம்பர் 16

கூடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தில் போன குடும்பத்துப் பேத்தி. நீலகிரியில் தமிழ்நாடு அரசு, திரும்பி வந்தவர்களுக்கென்று தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில்தான் தாத்தா பாட்டி இருவரும் வேலை செய்தார்களாம். அங்கே அவர்களை எந்தத் தொகைமதிப்பும் தனியாக எண்ணுவதில்லை. ஆனால் ஊருக்குள் சிலோன்காரர் என்றால் இன்றும் எல்லோருக்கும் தெரியும் என்கிறார். என் சின்னம்மா வீடு கோத்தகிரி. அங்கே போனபோது நானும் கண்டது அதுதான்: அதே கொழுந்துக் கூடை, அதே மாரியம்மன், அதே ஹட்டன் பேச்சு, கணக்கில் மட்டும் இல்லை.

கட்டமே இல்லாமல் இருப்பது நிம்மதி என்று அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறார். சாதிச் சான்றிதழுக்குத் தகப்பன் அலைந்த கதையையும் அடுத்த பந்தியில் அவரே எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

நவம்பர் 19

கேட்டவர்களுக்குப் பொதுவாக ஒன்று. நகர சபை, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று கீழ்மட்டம் வரை இன வாரியான அட்டவணையைப் பார்த்துத்தான் ஹட்டனைப் பற்றி முடிவாகப் பேச முடியும். 2012க்கு அந்த அட்டவணை என்னிடம் இருக்கிறது. 2024க்கு முழுதாகக் கையில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தியத் தமிழர் குறைந்த பிரிவுகளில் இலங்கைத் தமிழர் அதே அளவு ஏறியிருக்கிறார்களா என்று பிரிவு பிரிவாகப் பார்க்கப் போகிறேன். ஏறியிருந்தால் அது கட்ட மாற்றம். ஏறாத பிரிவு இருந்தால் அங்கே ஆட்கள் உண்மையிலேயே போயிருக்கிறார்கள். எந்தத் தோட்டம், ஏன் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.

அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து, பெயர், ஊர் எதுவும் வேண்டாம், பிறந்த ஆண்டையும் இனம் என்ற இடத்தில் இருப்பதையும் மட்டும் எழுதிப் போடுங்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை இருந்தால் மிகவும் நல்லது. நோர்வூட்டிலிருந்து ஒருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார்: 1938 இந்தியத் தமிழர், 1966 இந்தியத் தமிழர், 1994 இலங்கைத் தமிழர், 2021 இந்தியத் தமிழர்.